மஃரிபுக்கு முன் வீடு திரும்பும் பேய்

பாலையூற்று,
திருகோணமலை.
ஷவ்வால் மாதத்தின் இறுதி நாள்களுள் ஒன்று, பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பின்.

கண்ணியத்துக்குரிய மச்சான் சரீப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

இங்கு நானும் என் மனைவி ஷாமிலாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். உங்கள் துணைவியாரும் எனது தங்கையுமாகிய பரீதா நலம். உங்கள் மகள் மின்ஹா நலம் என்பதைவிடச் சற்றுக் கூடுதலான ஒரு நிலையில் இருக்கிறாள், அதுபற்றியதே இக்கடிதம். தோஹாவில் உங்கள் இடுப்புவலி தணிந்திருக்கும் என்றும், குளிரூட்டிக்கு நேர்கீழே படுக்க வேண்டாம் என்ற எனது முந்தைய அறிவுறுத்தலைக் கடைப்பிடித்து வருகிறீர்கள் என்றும் நம்புகிறேன்.

கைத்தொலைபேசியில் பேசி அனுப்பியிருக்கலாமே என நீங்கள் நினைக்கக்கூடும். நீங்கள் குரற்பதிவுகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவர் என்பதைத் தங்கை வாயிலாக அறிவேன். தீர்ப்பு என்பது இரட்டை வேகத்தில் கேட்கப்படத் தக்க பொருளன்று. ஆகவே, நாளை தோஹா திரும்பும் அயல்வீட்டு ஸஜ்ஜாத் வசம் இதனைக் கையெழுத்திட்டு ஒப்படைக்கிறேன். தங்கை தந்தனுப்பும் கருவாட்டுப் பொதியோடு இதனை ஒரே பையில் வைக்க வேண்டாம் எனவும் அவரிடம் கேட்டுக்கொண்டுள்ளேன்.

நீங்கள் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பை முதலில் நினைவூட்டுவது முறை. மின்ஹா தன் தோழியரோடு சேர்ந்து ஒரு பேய்ப்படம் எடுத்திருக்கிறாள் என்றும், அதனைப் பணம் வாங்காமல் ஊராருக்குக் காட்டப் போகிறாள் என்றும் அறிந்ததும் நீங்கள் எனக்கு இவ்வாறு சொல்லி அனுப்பினீர்கள்: "மச்சான், நான் வேணாமெண்டா உம்மாவும் மகளும் ஒரு கட்சியாயிருவாங்க. நீங்க போய்ப் பாருங்க. சரியில்லண்டா கமராவ வெச்சிட்டு இஞ்ச வரட்டும், கணக்குப் பகுதியில வேலையொண்டு பாத்து வெச்சிரிக்கன். நீங்க சொல்றதுதான் முடிவு." இப்பொறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. துறைமுகப் பகுதியில் பாதுகாப்புப் பரிசோதகனாகக் கடமையாற்றும் நான், உரிமையாளரின் முகத்தைப் பார்த்து எந்தப் படகுக்கும் சான்றிதழ் வழங்கியவனல்லன். மருமகள் என்பதற்காக விதி வளையாது என்பதை அவளிடமே முன்கூட்டித் தெரிவித்தேன். "ஓம் மாமா, வளைக்க வேணாம், பாத்தாப் போதும்" என்றாள்.

படம் காட்டப்பட்ட மண்டபம் நம் ஊர் மண்டபங்களின் வழக்கப்படி ஆண்களுக்கு ஒரு பக்கமும் பெண்களுக்கு ஒரு பக்கமுமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வெளிச்சம் புகாதபடி யன்னல்கள் எல்லாம் கறுப்புப் பொலித்தீனால் ஒட்டப்பட்டிருந்தன. அவசர வெளியேறும் வாயிலை மறித்து பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டு, அவற்றை அகற்றுவித்த பின்னரே படத்தைத் தொடங்க அனுமதித்தேன். இதனால் ஏற்பட்ட தாமதத்தின்போது சனங்கள் என்னைப் பார்த்த பார்வையை, பின்னர் திரையில் பேயைப் பார்க்கும்போதுகூட அவர்களிடம் நான் காணவில்லை. ஷாமிலா வரவில்லை. தலையிடி என்றாள். சில வாரங்களாகவே பின்னேரங்களில் தங்கை வீட்டுக்குத் தையல் வேலைக்கென்று போய்வந்து களைத்திருக்கிறாள்; உடுப்பில் புகைமணம் வேறு. தையலுக்கும் புகைக்கும் என்ன தொடர்பு எனக் கேட்டேன். பரீதாவின் குசினி என்றாள். அந்தக் குசினியின் புகைபோக்கியை வரும் வாரம் நேரில் பரிசோதிக்க எண்ணியுள்ளேன்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். பெருநாளுக்குப் பின் நோற்கும் ஆறு நோன்பை நம்மவர் பலர் இம்மாத இறுதிவரை இழுத்து வந்திருந்தபடியால், மண்டபத்தில் இருந்தோரில் கணிசமானோர் நோன்பாளிகள். எனக்கும் அன்று ஆறாவது நோன்பு. படம் அஸருக்குப் பின் தொடங்கி சூரியன் மறைந்து நோன்பு திறக்கும் மஃரிபுக்கு நன்கு முன்னதாக முடிந்துவிடும் என அறிவித்திருந்தார்கள். எனினும் முன்னெச்சரிக்கையாகச் சட்டைப் பையில் பேரீச்சம்பழங்களைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தேன். இந்த முன்னெச்சரிக்கைதான் பின்னர் என்னைக் கவிழ்த்தது.

படத்தின் பெயர் 'துறையடியில் ஒருத்தி'. கதை எளியது. உட்துறைமுகக் கரையில் கைவிடப்பட்ட படகு திருத்தும் கொட்டகை ஒன்றை ஓர் இளைஞன் வாடகைக்கு எடுக்கிறான். முன்னொரு காலத்தில், கப்பலேறிப்போன கணவனை எதிர்பார்த்து அவ்விடத்திலேயே காத்திருந்து இறந்துபோன பெண்ணொருத்தி அங்கே பேயாக உலவுகிறாள். வருகிறவர்களிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "கப்பல் வந்திட்டா?" இல்லை என்றால் துடுப்பால் அடிப்பாள். இளைஞனாக நடித்தவன் எங்கள் லேனில் கடைசி வீட்டு ஹஸ்மி. பேயாக நடித்தவர் யார் என்பது படத்தின் இறுதிவரையிலும் எழுத்தில் காட்டப்படவில்லை. பேயின் முகம் முழுவதும் முக்காட்டால் மூடியிருந்தது.

இனிக் குறைகளைச் சொல்கிறேன். கதையின்படி பேய் நள்ளிரவில் வருகிறது. ஆனால் மின்ஹாவும் தோழியரும் எங்கு போனாலும் மஃரிபுக்கு முன் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பது நீங்களே தோஹாவிலிருந்து விதித்த விதி. அவ்விதி ஒரே ஒரு நாள் தவிர மீறப்படவில்லை என்பதற்கு இப்படத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை: நள்ளிரவு முழுவதும் வெயில் எரிக்கிறது. கணினியில் நீலம் பூசி இரவாக்க முயன்றிருக்கிறார்கள். விளைவாக, ஹஸ்மி கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி, "ஒண்டுமே தெரியுதில்லையே" என்று இருட்டில் தடவுகிறான். அவனது நிழல் முன்னால் தெளிவாக நடந்து போகிறது. பின்னணியில் நீலக் காகங்கள் பறக்கின்றன. பேய் முதன்முதலாகத் தோன்றும் கணத்தில், தூரத்தே வீதி வீதியாகப் பாண், பணிஸ் விற்கும் ஓட்டோவின் பாட்டுக் கேட்கிறது. இதனை நீக்க இயலாமற் போகவே, பேய் வரும் இடங்களிலெல்லாம் அதே பாட்டைச் சேர்த்துவிட்டாள் மின்ஹா. முதல் தடவை சனம் சிரித்தது. கடைசித் தடவை யாரும் சிரிக்கவில்லை. நேற்றுக் காலை எங்கள் லேனுக்குள் பாண்காரர் வந்தபோது சிறுபிள்ளைகள் வீட்டுக்குள் ஓடி ஒளித்ததாகவும், வியாபாரம் படுத்துவிட்டதாகவும் அவர் என்னிடம் முறையிட்டார். முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டேன்.

இரத்தத்துக்கு றோஸ் சர்பத் பயன்படுத்தியிருக்கிறார்கள். இறந்து கிடக்கும் காவலாளியின் காலில் எறும்பு ஏற, பிணம் மற்றக் காலால் அதனைச் சொறிகிறது. மூடுபனிக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டை எரித்திருக்கிறார்கள். புகை அளவு மீறியதால் ஹஸ்மி பேசவேண்டிய நீண்ட வசனம் முழுவதும் இருமலாகவே அமைந்துவிட்டது, ஆயினும் கருத்து விளங்கிற்று. பேய் நிலத்தில் கால் படாமல் மிதந்து வருவதாகக் காட்ட, மூடை ஏற்றும் கைவண்டியொன்றில் அதனை நிறுத்திக் கயிற்றால் இழுத்திருக்கிறார்கள். கயிறு தெரிகிறது. இழுப்பவரின் முழங்கையும் தெரிகிறது. பரிசோதகன் என்ற வகையில் இங்கு ஒன்றைப் பதிவுசெய்யக் கடமைப்பட்டுள்ளேன்: கதவு நிலையின் அகலத்தோடு ஒப்பிட்டு நோக்குகையில் பேய் சற்றுப் பருமன். வண்டியின் அச்சு ஒரு பக்கம் வளைந்து செல்வது கண்கூடு. அவ்வகை வண்டி சுமக்கத்தக்க எடைக்கு மேற்பட்ட எந்தப் பேயையும் அதில் ஏற்றியிருக்கக் கூடாது.

இவ்வளவும் எழுதிய கையால் அடுத்ததையும் எழுதுகிறேன், மச்சான். நான் மண்டபத்தை விட்டு எழும்பவில்லை. எழும்பும் எண்ணமே வரவில்லை. ஏனெனில் அந்தப் பேய், தன்னைச் சூழ நிகழ்ந்த எந்தப் பிழையையும் தன் கடமையிலிருந்து விலகுவதற்கான நியாயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓரிடத்தில், நம் ஊர் வீதிகளில் திரியும் மான்களில் ஒன்று காட்சிக்குள் நுழைந்து பேயின் முக்காட்டு நுனியை மெல்லத் தொடங்கிற்று. கமராவை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பேய் மானைத் திரும்பியும் பாராமல், முக்காட்டை ஒரு கையால் சிறுகச் சிறுக மீட்டபடி, மறுகையில் துடுப்போடு, ஹஸ்மியை நோக்கி "கப்பல் வந்திட்டா?" என்றது. அந்தக் குரல். எதிரொலி சேர்க்கப்பட்டிருந்தாலும் அதன் அடியில் ஒரு களைப்பு இருந்தது. பல வருடங்களாக ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் கேட்டுப் பழகிய ஒருவரின் குரல். எங்கோ கேட்ட குரலாகவும் பட்டது. வானொலி நாடகக் கலைஞர் ஒருவராக இருக்கலாம். பெண்கள் பக்கத்தில் இருந்த தங்கை, அக்குரல் வரும்போதெல்லாம் நிலத்தைப் பார்த்தபடி இருந்ததைக் கவனித்தேன். பயமாக இருக்கும்.

பேயின் நடிப்பைப்பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. அது உட்காரும்போது வலது முழங்காலை ஒரு கையால் தாங்கி உட்காரும். அலுமாரிக் கதவைத் திறந்து பயமுறுத்திய பின், திறந்தபடி விட்டுப்போகாமல் மூடிவிட்டே போகும். மின்விளக்கை அணைத்துப் பயமுறுத்தும் பேய்கள் பல உண்டு. ஆளில்லாத அறையில் வீணாக எரியும் விளக்கை அணைத்துவிட்டுப் போகும் பேயை இப்போதுதான் காண்கிறேன். இப்படிப்பட்ட ஒழுங்குள்ள ஒரு பெண்மணி எங்கோ ஒரு வீட்டை நடத்திக்கொண்டிருக்கிறார் என்றால் அவரது கணவர் கொடுத்து வைத்தவர். தன் கொடுப்பினையை அவர் உணர்ந்திருப்பாரா என்பது வேறு. பேய் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் நீலக் கரை இருந்தது. அதே கரையுள்ள படுக்கை விரிப்பு எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, அண்மையில் காணாமற்போயிற்று. அதனை நாங்கள் வாங்கிய கடையில் அத்தகைய விரிப்புகள் நூற்றுக்கணக்கில் விற்பனையாகின்றன என்பதால் இதிலிருந்து எதனையும் ஊகிக்க முடியாது.

இப்போது நடந்த விபரீதத்துக்கு வருகிறேன். இறுதிக் காட்சி. ஹஸ்மி இறங்குதுறைப் படியில் மல்லாந்து விழுந்து கிடக்கிறான். பேய் துடுப்பை இரு கைகளாலும் தலைக்கு மேல் ஓங்குகிறது. அக்கணத்தில் மஃரிப் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. நம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின் அவர்களின் குரல். அதில் ஐயம் கொள்ள எவருக்கும் இடமில்லை. உடனே மண்டபம் முழுவதும், படத்தை மறந்து, தன் வழமையைச் செய்தது. பெண்கள் முக்காட்டைச் சரிசெய்தார்கள். பேச்சு அடங்கிற்று. நோன்பாளிகளின் கைப்பைகள் திறந்தன. தண்ணீர்ப் போத்தல்கள் கைமாறின. நோன்பு திறப்பதில் தாமதிக்கலாகாது என்பது நாம் சிறுவயது முதல் கற்றது; நான் துஆவை ஓதிப் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டேன். மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. பார்க்கவில்லை. கறுப்புப் பொலித்தீனுக்கு அப்பால் சூரியன் இருந்தது. அதையும் பார்க்கவில்லை. பாங்கு கேட்ட பிறகு கடிகாரம் பார்க்கும் மனிதனை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அந்தப் பாங்கு பிழையான நேரத்தது என்பதை அறிந்தவர் மண்டபத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் முஅத்தின் அவர்களேதான். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தான் இங்கே இருக்கத் தன் குரலில் பாங்கு ஒலிப்பது கண்டு திடுக்கிட்டு எழுந்து நின்றார். ஆனால் பாங்கு ஒலிக்கும்போது கதைக்கக் கூடாதே. அது தன் சொந்தப் பாங்காக இருந்தாலும் கூடாதே. ஆகவே அவர் வாயைத் திறக்காமல், வேண்டாம் வேண்டாம் என்று இரு கைகளையும் எங்களை நோக்கி அவசர அவசரமாக ஆட்டினார். சுணங்காமல் திறவுங்கள் என்று அவர் துரிதப்படுத்துவதாகவே நாங்கள் விளங்கிக்கொண்டோம். தயங்கியிருந்த ஒரு சிலரும் அவரது கையசைவைக் கண்டபின் தண்ணீரைக் குடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இன்னுமொரு பேரீச்சம்பழத்தை அவருக்கே நீட்டினார். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் திரையை நிமிர்ந்து பார்த்தேன். பாங்கு திரைக்குள் இருந்து வந்துகொண்டிருந்தது. விதி மீறப்பட்ட அந்த ஒரு நாளில் வேலை இழுபட்டு மஃரிப் ஆகிவிட்டது போலும். கரைக்கு எதிரேயுள்ள நம் பள்ளியின் பாங்கு கமராவில் அப்படியே பதிந்துவிட்டது. அதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், திரையிலும் எங்களைப் போலவே நடந்துகொண்டிருந்தது. பேய் துடுப்பைத் தாழ்த்திவிட்டது. முக்காட்டை இழுத்துச் சரிசெய்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டது. மல்லாந்து அலறிக்கொண்டிருந்த ஹஸ்மி எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, மரியாதையான தூரத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். கொல்ல வந்தவளும் கொல்லப்பட இருந்தவனும் பாங்கு முடியும்வரை துறைமுகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு காட்சியில் மட்டும் நீலம் பூசப்படவில்லை. உண்மையான அந்தி. தண்ணீரில் தூரத்துக் கப்பலொன்றின் விளக்கு. படம் முழுவதிலும் நான் குறைகூற முடியாத பகுதி அதுவே.

பாங்கு முடிந்தது. பேய் எழுந்தது. துடுப்பைக் கையில் எடுத்தது, அதைப் பார்த்தது, பிறகு ஹஸ்மியின் மடியில் வைத்தது. "கப்பல் வந்திட்டா?" என்று கடைசியாக ஒரு தரம் கேட்டது. ஹஸ்மி, "இல்ல. வரும்" என்றான். பேய் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பெண்மணி பொழுதுபட்ட பின் வீடு போவது போலவே, சற்று விரைவாக, நடந்து போயிற்று. இம்முறை கைவண்டி இல்லை. அத்தோடு படம் முடிந்தது.

கதவைத் திறந்தோம். வெளியே சூரியன் உட்துறைமுகத்தின் மேல் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. வாயில் பேரீச்சம்பழக் கொட்டையோடு சனம் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையை என்னால் வருணிக்க இயலாது. முஅத்தின் அவர்களுக்கு அப்போதுதான் வாய் திறக்க முடிந்தது. கடமையல்லாத சுன்னத்தான நோன்புதானே, அறியாமல் நடந்ததற்கு எவர் மேலும் குற்றமில்லை, மாதம் முடிவதற்குள் இன்னொரு நாள் நோற்று ஆறைப் பூர்த்தியாக்கிக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் அமைதிப்படுத்தினார். அதன்பின் மின்ஹாவைத் தேடிப் போனார். ஏசப் போகிறார் என்றே நினைத்தேன். ஏசினால் இடையில் புகலாமா, அது விதிக்கு உட்பட்டதா என யோசித்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் அவளிடம், "மகள், என்ட பாங்கு வெளிய நிண்டு கேட்டா இப்பிடியா?" என்று கேட்டார். ஓம் என்றாள். "நான் ஒரு நாளும் கேட்டதில்ல. எப்பவும் உள்ளுக்க நிண்டு சொல்றவன்தானே" என்றார். அந்தத் துண்டை மட்டும் தன் கைத்தொலைபேசிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டு, உண்மையான பாங்குக்கு நேரமாகிறது என்று பள்ளிக்கு விரைந்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு தாய், பாங்கு நேரத்திலும் கைத்தொலைபேசியில் விளையாடும் தன் மகனுக்கு அப்பேயை முன்மாதிரியாகக் காட்டிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

சனம் கலைந்த பின் மின்ஹா என்னிடம் வந்தாள். நோன்பு கெட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பாங்கை ஏன் வெட்டி நீக்கவில்லை என்று கேட்டேன். "பாங்க எப்பிடி மாமா பாதியில வெட்டுற?" என்றாள். எழுதி வைத்த கதையில் ஹஸ்மி அடிபட்டுச் சாகத்தான் இருந்ததாம். பாங்கு முடிந்து மறுபடி அடிக்கச் சொன்னபோது பேய் மறுத்துவிட்டதாம். "பக்கத்துல இருந்து ஒரு பாங்கு கேட்ட பொடியன எப்பிடிப் புள்ள அடிக்கிற, எனக்கு ஏலா எண்டு சொல்லிட்டாங்க மாமா." யார் சொன்னது என்றேன். பேய் என்றாள். "வாப்பாட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். எழுத்தில் தெரிவிப்பேன் என்றேன். அவள் கண் கலங்கியிருந்தது. நான் மறுபக்கம் திரும்பி, மண்டபத்துத் தீயணைப்புக் கருவியின் காலாவதித் திகதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே, மச்சான், நீங்கள் ஒப்படைத்த பொறுப்பின்படி எனது தீர்ப்பு பின்வருமாறு. தொழில்நுட்ப ரீதியில் இப்படம் ஒரு சான்றிதழுக்கும் தகுதியற்றது. இதே நிலையில் ஒரு படகு என் முன் வந்தால் அதனைத் தண்ணீரில் இறக்க அனுமதியேன். ஆனால், ஒரு மண்டபம் நிறைந்த மனிதரைத் தாம் எங்கே இருக்கிறோம் என்பதையே மறக்கச் செய்து, திரையில் நடப்பதை உண்மையென நம்பி வாயைத் திறக்க வைத்த ஒரு பிள்ளையை, தோஹாவில் கணக்குப் பகுதிக் கதிரையொன்றில் இருத்துவது முறையாகாது. அவள் பிழைவிட்டாள், பிழையை மறைக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அது முடியும்வரை பொறுத்திருந்தாள். அதிலிருந்துதான் படத்தின் நல்ல பகுதி பிறந்தது. இதனை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கற்பிக்கக் கண்டதில்லை. மின்ஹா இங்கேயே இருக்கட்டும். கமரா அவளிடமே இருக்கட்டும். இத்தீர்ப்பு எவ்விதப் பாரபட்சமும் இன்றி, படத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற ஒருவரால் வழங்கப்படுகிறது என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.

விடுபட்ட நோன்பை இன்று நோற்றுக்கொண்டே இதனை எழுதுகிறேன். உங்கள் உழைப்பில் பரக்கத்தையும் உடம்பில் சுகத்தையும் அல்லாஹ் நிறைவாக்குவானாக. கடலுக்கு அப்பால் இருப்போரையும் இப்பால் இருப்போரையும் அவனே ஒன்றுசேர்ப்பானாக. ஆமீன். கூட இருப்போருக்கு எனது ஸலாத்தைச் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மச்சான்,
ஏ. எல். ஸெய்னுதீன்

பின்குறிப்பு: எந்தக் கடிதத்தையும் உறையிலிட முன் ஷாமிலாவுக்கு வாசித்துக் காட்டுவது என் வழமை. இதனையும் வாசித்தேன். கொடுத்து வைத்த கணவர் என்ற இடத்துக்குப் போகு முன்னரே, பேய் சற்றுப் பருமன் என்ற இடத்தில் அவள் கஞ்சிக்கு அரிசி களைவதை நிறுத்திவிட்டு, "ஆரு பருமன்?" என்று கேட்டாள். நான் கதவு நிலையின் அகலத்தை விளக்கினேன். அதற்கு அவள், "அந்த நிலையில ஒரு பக்கப் பலகை கழண்டு உள்ளுக்க தள்ளிக்கிடந்தது. நிண்டவளுக்குத்தானே தெரியும்" என்றாள். மச்சான், ஒரே வீட்டில் இவ்வளவு காலமாக வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பரிசோதகன் இவ்வசனத்தின் முழுப் பொருளையும் விளங்கிக்கொள்ள எடுத்த நேரத்தை இங்கு எழுத விரும்பவில்லை. படுக்கை விரிப்பும் அகப்பட்டது. அதில் மான் கடித்த அடையாளம் இருக்கிறது.

அத்தோடு முடியவில்லை. பேயின் உடல் மட்டுமே ஷாமிலாவுடையது. அவளுக்குக் கேள்வியைக் கேட்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறதாம். ஆகவே குரலை வேறொருவர் கொடுத்திருக்கிறார். அது வானொலிக் கலைஞர் அல்லர்; உங்கள் துணைவியார் பரீதா. தன் குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு கைத்தொலைபேசியில் ஒரே தடவையில் சொல்லிவிட்டாராம். இரண்டாம் தடவை தேவைப்படவில்லை என்கிறாள் மின்ஹா.

இந்நிலையில், தன் மனைவி சம்பந்தப்பட்ட விடயத்தில் எவரும் தீர்ப்பளிக்கக் கூடாது என்ற பொதுவிதியின் கீழ், மேலே நான் வழங்கிய தீர்ப்பு முழுவதும் செல்லாததாகிறது. அதே விதியின் கீழ் நீங்களும் தீர்ப்பளிக்கத் தகுதியற்றவராகிறீர்கள். வேறு நடுவர் எவரும் நியமிக்கப்படாதபடியால், மின்ஹாவைத் தடுக்கும் அதிகாரம் இப்போது உலகில் எவரிடமும் இல்லை. படத்தை ஸஜ்ஜாத்திடம் சிறு பென்டிரைவில் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் நோன்பு மிச்சம் இருந்தால் மஃரிபுக்குப் பின் பாருங்கள். இரட்டை வேகத்தில் பார்க்க வேண்டாம். அதில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை, ஹஸ்மிக்கும் இல்லை.

கஞ்சி பற்றிக் கேட்டேன். "பேய் மஃரிபுக்கு முந்தி ஊட்டுக்குப் போயிரும், நீங்களே காச்சுங்க" என்று சொல்லிவிட்டு, மின்விளக்கை அணைத்து, அலுமாரியை மூடி, பரீதா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன். இதோ, பாங்கு கேட்கிறது. வெளியே போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வருகிறேன்.